கும்பத்து நீர் எந்த நதியின் நீர்?

கும்பம் வைக்கும்போது குருக்கள் கங்கை, யமுனை, கோதாவரி, சரஸ்வதி, நர்மதை, சிந்து, காவேரி ஆகிய ஏழு நதிகளையும் அதில் எழுந்தருளும்படி அழைக்கிறார். கும்பத்துள் இருப்பதோ ஒன்ராறியோ ஏரித் தண்ணீர். ரொறன்ரோவில் குழாயைத் திறந்தால் வருவது அதுதான். அப்படியானால் இந்த ஏரியும் அதில் வந்து விழும் ஆறுகளும் எமக்கு என்ன உறவு? புண்ணிய நதிகளை வரவழைக்க ஒரு பாத்திரம் மட்டும்தானா, அல்லது அவற்றுக்கும் எம்மிடம் ஒரு மரியாதை உரியதா?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மாரியில் ஓடும் வழுக்கையாறு ஒன்று. மற்றப்படி சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி நிற்கும் மழைநீரைக் கிணற்றில் அள்ளித்தான் வாழ்ந்தோம். கிணற்றடியில் யாரும் எச்சில் துப்பப் பெரியவர்கள் விடமாட்டார்கள். அது பக்தியா சுகாதாரமா என்று ஒருவரும் பிரித்துப் பார்த்ததில்லை. அசுத்தம் எங்கே போய்ச் சேரும் என்பது கண்முன்னே இருந்தது.

இங்கே அது தெரிவதில்லை. நகருக்கு வடக்கே நீண்டு கிடக்கும் ஓக் ரிட்ஜஸ் மேட்டுநிலம், பனிப்பாறைகள் விட்டுச் சென்ற மணலும் பரலும். மழையையும் உருகிய பனியையும் உறிஞ்சி வைத்து ஊற்றாக விடுகிறது. எங்கள் சுண்ணாம்புக் கல் செய்த வேலையேதான். ஹம்பர், டொன், றூஜ் மூன்றும் அங்கே பிறந்து தெற்கே ஓடி ஏரியில் கலக்கின்றன. ஸ்காபரோவின் ஹைலண்ட் கிறீக் பெரும்பாலும் தெருக்களும் வாகனத் தரிப்பிடங்களும் மூடிய நிலத்தின் நீரையே ஏந்தி வருகிறது.

நகர் நடுவே ஓடிய டாடில் கிறீக்கின் கதை வேறு. 1859இல் பல்கலைக்கழக வளவில் அதை மறித்துக் குளமாக்கினார்கள். சுற்றியிருந்த வீடுகளின் கழிவு அதில் சேர்ந்தது. நாற்றம் தாங்காமல் 1884இல் ஆற்றையே கழிவுக் குழாயாக்கி மண்ணுக்குள் மூடினார்கள். அதன் தடத்தில் இன்று இருப்பது ‘தத்துவஞானியின் நடைபாதை’. பொருத்தமான பெயர்தான்!

மூடப்படாத ஆறுகள் 1954 ஒக்டோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளியில் பெருகின. ஒன்ராறியோவில் 81 பேர் மாண்டனர். ஹம்பர் கரையில் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் மட்டும் 35 பேர். அதன் பிறகே வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் வீடு கட்டுவதைத் தடுத்தார்கள். 1964இல் மேற்கு ஹம்பரில் கிளேர்வில் அணையும் 1973இல் மேற்கு டொனில் ஜி. ரொஸ் லோர்ட் அணையும் எழுந்தன. கோடையில் நாம் சோறு கட்டிக்கொண்டு போகும் பள்ளத்தாக்குப் பூங்காக்கள் பல, அந்த இரவுக்குப் பின் குடியிருப்பதற்கு விடாமல் ஒதுக்கிய நிலங்கள்.

இனி எமது விடயத்துக்கு வருவோம். பூசை முடிந்த மாலைகளையும் படங்களையும் ஓடும் நீரில்தான் விடவேண்டும் என்று எம்மில் பலர் கருதுகிறோம். பிளாஸ்ரிக் பையோடு ஆற்றங்கரையில் வைத்துவிட்டு வருவோரும் உண்டு. கேட்டால், ‘தெருவுக்குக் கொட்டும் உப்பை விடவா இது கெடுதல்?’ என்பார்கள். கணக்கில் அது சரியே. தெரு உப்பு ஆறுகளுக்குப் பெருங்கேடு. பழைய நகர்ப்பகுதியில் மழைநீரும் மலக்கழிவும் ஒரே குழாயில் போவதால் கடும் மழையில் கழிவு டொன்னிலும் ஏரியிலும் வழிகிறது. 2013 யூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. அத்தகைய நாட்களில் எத்தனை மாலைகள் ஈடாகும்?

ஆனால் உப்புக் கொட்டும் லொறி அந்த நீரைத் தெய்வம் என்று சொல்வதில்லை. நாம் சொல்கிறோம். அதனால் எமக்குள்ள கடன் வேறு.

நீரில் விடுதல் என்பதன் கருத்து, மண்ணிலிருந்து வந்தது மண்ணோடும் நீரோடும் ஒன்றாகிவிட வேண்டும் என்பதே. பூ கரையும்; நைலோன் நூலும் சரிகைத் துணியும் கண்ணாடிச் சட்டமும் கரையா. அஸ்தி கரைப்பதை ஒன்ராறியோ அரசு நீர்நிலை உட்பட்ட முடிக்குரிய நிலங்களில் அனுமதிக்கிறது. கலசத்தையும் பையையும் சேர்த்து விடும்படி எந்தச் சடங்கும் கேட்கவில்லை. மாலையின் நூலை அறுத்துப் பூவை வீட்டுத் தோட்டத்துச் செடியடியில் புதைத்தால் நிர்மாலியத்துக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது?

ஏழு நதிகளோடு ஹம்பரையும் றூஜையும் அழைக்கலாமா என்று இளையோர் கேட்டால், ஆகமம் அறிந்தவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும். எப்படியாயினும், அடுத்த அபிஷேகத்துக்கு நாம் நிரப்பும் குடத்தில் அவற்றின் நீரும் இருக்கும்.