கூண்டுக் கிளியின் உணவு: நம் கையில் உள்ள அமானிதம்

அல்ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரசூலிஹில் கரீம். அம்மா பஅத்.

அல்லாஹ்வின் மீது முறையாகத் தவக்குல் வைப்பவருக்கு, பறவைகளுக்கு உணவளிப்பது போல் அவன் உணவளிப்பான். அவை காலையில் ஒட்டிய வயிற்றோடு போய், மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகின்றன என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸ் திர்மிதியில் வருகிறது. இதில் ஒன்றைக் கவனியுங்கள். பறவை வெளியே போகிறது, தேடுகிறது, அல்லாஹ் கொடுக்கிறான்.

அந்தப் பறவையைக் கூண்டில் வைத்துக் கதவைப் பூட்டினால் அது எங்கே போகும்? ரிஜ்க்கைத் தேடும் வழியை நாம் அடைத்துவிட்டோம். அடைத்தவர் மீதே பொறுப்பு வந்துவிடுகிறது.

பறவை வளர்க்கக் கூடுமா? கூடும். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு சிறு பறவையை வைத்து விளையாடினார். அது இறந்து அவர் வருந்தியபோது நபி (ஸல்) அவர்கள் அந்தப் பறவையைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்கள். இதை வைத்தே பறவை வளர்ப்பு ஆகுமானது என உலமாக்கள் சொன்னார்கள். ஆனால் உணவும் தண்ணீரும் குறையக் கூடாது.

இன்னொரு பக்கம், பூனையைக் கட்டிப்போட்ட பெண். உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. அதற்காக நரகம் சென்றாள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது.

"ஹஜ்ரத், நாங்கள் பட்டினி போடுவதில்லை, கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கும்" என்பீர்கள். அந்தக் கிண்ணத்தை ஒருமுறை ஊதிப் பாருங்கள். லவ் பேர்ட்ஸ் தினையைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே விடும். பார்ப்பவருக்குத் தீனி நிறைந்தது போல் தெரியும். உள்ளே இருப்பது வெறும் உமி. நிறைந்த கிண்ணத்தின் முன்னாலேயே பறவை பட்டினி கிடக்கும்!

அடுத்தது, வயிறு நிறைந்தால் மட்டும் போதாது. பலரும் கிளிக்கு வருடம் முழுவதும் சூரியகாந்தி விதை மட்டுமே போடுகிறார்கள். அதில் கொழுப்பு அதிகம். வைட்டமின் ஏ, கால்சியம் குறைவு. நாளடைவில் ஈரலில் கொழுப்பு படியும், மூக்கிலும் மூச்சுப் பாதையிலும் நோய் வரும். ஆப்பிரிக்கன் கிரே கிளிக்குக் கால்சியம் குறைந்து வலிப்பே வரலாம். "பிரியமாகத் தின்கிறதே" என்பது பதிலாகாது. பிள்ளை மிட்டாயைத்தான் பிரியமாகத் தின்னும். அதையே மூன்று வேளையும் கொடுப்போமா?

கிளிகளுக்கென்று விற்கும் பெல்லட் தீனியோடு கேரட், பூசணி, முருங்கைக்கீரை, குடைமிளகாய், முளைகட்டிய பச்சைப்பயறு, கொஞ்சம் கொய்யா, மாதுளை என மாற்றி மாற்றி நன்றாகக் கழுவிக் கொடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். மீந்த காய்கனிகளைக் கெடும் முன் எடுத்துவிடுங்கள். விதைக்குப் பழகிய கிளியைப் பட்டினி போட்டு மாற்றாமல், புதிய உணவைச் சிறிது சிறிதாகக் கலந்து பழக்குங்கள். அவகாடோ, சாக்லேட், காபி, டீ, வெங்காயம், பூண்டு, உப்புப் பண்டங்கள் வேண்டவே வேண்டாம். அவகாடோவும் சாக்லேட்டும் உயிரையே எடுக்கும். பால் சோறும் வேண்டாம்; பறவைக்குப் பால் செரிக்காது.

சகோதரர்களே! நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் ஒப்படையுங்கள். வெளிநாட்டுப் பறவை வைத்திருப்பவர்கள், "பொறுப்பு வேண்டாம்" என்று திறந்து விட்டுவிடாதீர்கள். கூண்டிலேயே பிறந்ததற்கு இரை தேடவும் தெரியாது, காக்கையிடமிருந்து தப்பவும் தெரியாது. நன்றாகப் பராமரிப்பவரிடம் கொடுங்கள்.

பிள்ளை அழுகிறது என்று வாங்குகிறோம். ஒரு மாதத்தில் பிள்ளை மறந்துவிடும். பிள்ளை மறந்தாலும் வாங்கிக் கொடுத்த தகப்பன் மறக்கக் கூடாது. பெருநாளுக்கு ஊருக்குப் போனாலும், உம்ராவுக்குப் போனாலும் யார் தீனி வைப்பது என்று முடிவு செய்துவிட்டே கதவைப் பூட்டுங்கள்.

ஓர் அன்சாரித் தோழரின் தோட்டத்தில் இருந்த ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் விட்டது. அதைத் தடவிக் கொடுத்து, உரிமையாளரை அழைத்து, "நீர் பசியோடு வைத்து வேலை வாங்குவதாக இது முறையிடுகிறது" என்ற கருத்தில் கண்டித்தார்கள். இது அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நம் வீட்டுக் கிளியிடம் நாம் கற்றுக்கொடுத்த ஸலாம் மட்டும்தான் இருக்கிறது. தன் பசியையும் நோயையும் சொல்ல அதற்குத் தெரியாது. நோய் வந்தாலும் கடைசி வரை வெளிக்காட்டாமல் மறைக்கும். நம்மிடம் முறையிடாதது ரப்பிடம் முறையிடாது என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்று தொழுகை முடிந்து வீட்டுக்குப் போனதும், நாம் சாப்பிட உட்காரும் முன் அந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவரை மன்னித்த இறைவன், ஒரு கிளிக்கு வைக்கும் கேரட் துண்டுக்கும் கூலி தருவான்.

வாயில்லா ஜீவன்களின் ஹக்கைப் பேணி நடக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.