சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

பி.காம். படித்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். டிரயல் பேலன்ஸ் போட்டு இரண்டு பக்கமும் கூட்டினால் டேலி ஆகாது. எங்கேயோ 430 ரூபாய் இடிக்கும். ராத்திரி பதினொன்றரை வரை தேடியும் அகப்படாவிட்டால், அந்த வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்ற தலைப்பில் தூக்கிப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடலாம். கணக்கு பார்க்க அழகாக டேலி ஆகிவிடும். தப்பு மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

என் நண்பர் ஒருவர் நாலு மாதம் இப்படிக் கணக்கு எழுதினார்.

என்னோடு கல்லூரியில் படித்தவர். ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் மேனேஜர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டு, மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மனிதர் வீட்டில் மூச்சு விடவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல எட்டேகாலுக்கு டிபன் பாக்ஸோடு கிளம்பினார். எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பேப்பர் படித்தார். மத்தியானம் மியூசியம் வளாகத்து மரத்தடியில் சாப்பிட்டார். ஆறரைக்கு வீடு திரும்பி, 'இன்னிக்கு ஆபீஸ்ல ஒரே டென்ஷன்' என்றார். பையனின் காலேஜ் ஃபீஸுக்காக அவர் மனைவி பாங்க்குக்குப் போனபோதுதான், ஃபிக்சட் டெபாசிட் காலியான விஷயம் வெளியே வந்தது.

நானும் என் மனைவியும் போயிருந்தோம். "வேலை போனதுக்கு நான் அழலைண்ணா" என்றார் அந்தச் சகோதரி. "லெமன் சாதமா, புளி சாதமான்னு தினமும் கேட்டுக் கேட்டுக் கட்டிக் கொடுத்தேனே... அதை எந்த மரத்தடியில உட்கார்ந்து சாப்பிட்டாரோ. அதை நினைச்சாத்தான்..."

நண்பரோ, "அவங்களுக்கு எதுக்குடா கஷ்டம்னு பார்த்தேன்" என்றார்.

யார் பக்கம் நியாயம்? அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

என் அப்பா எங்களிடம் எந்தக் கஷ்டத்தையும் சொன்னதில்லை. அதனால்தான் நிம்மதியாக வளர்ந்தோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகு பீரோவில் ஒரு கட்டு அடகுக் கடை ரசீது கிடைத்தது. எல்லாம் ஜூன் மாதத் தேதி. எங்கள் ஸ்கூல் ஃபீஸ்! அதைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது? அந்த மௌனத்தில் அன்பு இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். ஆனால், அவரோடு சேர்ந்து கஷ்டப்படும் பாத்தியதையை எங்களுக்கு அவர் தரவே இல்லை என்பதும் உண்மைதானே?

நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். குடும்பத்துக்குக் கஷ்டம் கொடுக்கக் கூடாது என்பது மட்டும்தான் காரணம் என்றால், என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அந்த நாலு மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மெரினாவில் சேர்ந்துதான் நடந்தோம். சொல்லவில்லை. 'பார், இவனும் விழுந்துட்டான்' என்று என் கண்ணில் தெரிந்துவிடுமோ என்ற பயம். தியாகத்தோடு கொஞ்சம் கௌரவமும் கலந்திருந்தது.

என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஞாயிறு, "தூக்கமே வர்றதில்லடா" என்றார். "வயசாச்சு, ராத்திரி டீ குடிக்காதே" என்றேன். அத்தோடு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டோம். அவர் கதவை லேசாகத் திறந்தார். நான் மரியாதையாகச் சாத்திவிட்டேன்.

2022-ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். அதில் ஆண்கள் 1,22,724 பேர். கடன், நோய், குடி, குடும்பத் தகராறு என்று காரணம் ஆயிரம் இருக்கலாம். பேசாததுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், அவர்களில் எத்தனை பேர் யாரிடமாவது 'தூக்கம் வரலை' என்று சொல்லிப் பார்த்திருப்பார்கள்?

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு சம்பவம். பில் வில்சன், நியூயார்க் பங்குச் சந்தை ஆசாமி. மொடாக்குடியர். குடியை விட்டு ஆறு மாதம்கூட ஆகவில்லை. வந்த வியாபாரம் கவிழ்ந்துவிட்டது. தங்கிய ஹோட்டலிலேயே பார். கால் இழுக்கிறது. மனிதர் டெலிபோனை எடுத்தார். ஊர்ப் பாதிரியார்களைக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று விசாரித்தார்! கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற சர்ஜன். 15 நிமிஷம்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தவர், 6 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். உலகம் முழுக்கப் பரவிய 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இப்படித்தான் ஆரம்பித்தது.

பில் உபதேசம் செய்யவில்லை, தன் கதையைச் சொன்னார். அதுவும் பாபைத் திருத்துவதற்காக அல்ல, தான் மறுபடி குடித்துவிடக் கூடாதே என்பதற்காக. இதில்தான் எனக்கு ஆச்சரியம். தன் பலவீனத்தைச் சொன்னால் அடுத்தவருக்குச் சுமை என்றுதானே நாம் நினைக்கிறோம்? அங்கே அது எதிரில் இருந்தவருக்குக் கை கொடுத்திருக்கிறது. சொன்னவருக்கும்தான்.

செய்திக்காக ஒருமுறை, வெளியாட்களை அனுமதிக்கும் அவர்களின் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். சர்ச்சை ஒட்டிய ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். என்ன பேசினார்கள் என்று எழுத மாட்டேன், அது அங்கேயே விட்டுவர வேண்டியது. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசவில்லை. 'நான் சொல்றதைக் கேளுங்க சார்' என்று ஒரு ஆள் கிளம்பவில்லை. நம் ஊர் ஆண்கள் முப்பது பேர் ஒரு இடத்தில் அட்வைஸ் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஆஸ்திரேலியாவில் 1990-களில் தொடங்கிய 'மென்ஸ் ஷெட்' இன்னொரு ரகம். இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. ரிட்டயரானவர்கள், தனிக்கட்டைகள் வந்து உடைந்த நாற்காலிக்குக் கால் போடுகிறார்கள். கண்ணைப் பார்த்து 'மனசுல என்ன?' என்று கேட்டால் ஆண் எழுந்து ஓடிவிடுவான். பக்கத்தில் நின்று மரம் இழைத்துக்கொண்டிருந்தால், தானாக வாயிலிருந்து வரும்.

"அதுக்காக ஊரெல்லாம் போய் ஒப்பாரி வைக்கணுமா?" என்கிறீர்களா? வேண்டாம். எனக்கும் அதில் கூச்சம் உண்டு. சொல்வதற்கு ஒரு இடம், கேட்பதற்கு ஒரு ஆள் போதும்.

நண்பர் இப்போது இரண்டு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறார். மனைவியின் பிடிவாதத்தால் ஒரு கவுன்சலரிடமும் போகிறார். முதல் இரண்டு முறை, நிமிஷத்துக்கு எவ்வளவு ஃபீஸ் என்று வகுத்துப் பார்த்ததிலேயே நேரம் போய்விட்டதாம்! (ஃபீஸ் கட்ட முடியாதவர்களுக்கு, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மனஸ்' இருக்கிறது. எண் 14416. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.)

போன ஞாயிறு நடக்கும்போது, "நீ எப்படிடா இருக்கே?" என்றார்.

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

அவர் விடவில்லை. "சரி, காந்தி சிலை வர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நீ சொல்லு."

கலங்கரை விளக்கத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தோம்.