அரசாங்க ஊழியர் யாருக்குக் கடமைப்பட்டவர்?

அரசு பாராளுமன்றத்திற் பேசுகின்றது. ஆயின் அது குடிமகனை நேரிற் சந்திப்பது கச்சேரியிலும் தபாற் கந்தோரிலும் பொலிஸ் நிலையத்திலுமேயாகும். காணி உறுதியொன்றைப் பதிவு செய்ய வந்த விவசாயிக்கும், ஓய்வூதியப் பத்திரத்தைக் கையில் ஏந்தி வாங்கிற் காத்திருக்கும் முதியவருக்கும் அரசு என்பது மேசைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் ஓர் எழுதுவினைஞரின் முகமே. அந்த எழுதுவினைஞரை நியமிப்பவர் யார், இடம் மாற்றுபவர் யார், பதவி நீக்குபவர் யார் என்ற வினாக்கள் சட்டப் புத்தகத்துக்கு மட்டும் உரியனவாகத் தோன்றலாம். உண்மையில் அவை ஓர் ஒழுக்கவியல் வினாவின் வேறு வடிவங்களாகும். அரசாங்க ஊழியரின் பற்றுறுதி தன்னை நியமித்தவருக்கு உரியதா, சட்டத்துக்கு உரியதா, அல்லது மேசைக்கு முன்னால் நிற்கும் மனிதருக்கு உரியதா என்பதே அவ்வினா.

தமிழ்ச் சிந்தனைக்கு இது புதியதொரு பிரச்சினையன்று. திருக்குறளின் பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என அடுத்தடுத்து வரும் இரு அதிகாரங்களும் அரசன் ஆட்களைத் தெரிவு செய்வதையும் அவர்களிடம் வினையை ஒப்படைப்பதையும் பற்றியன. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கினாலும் ஒருவரைச் சோதித்தறிய வேண்டும் என்பது அங்கு கூறப்படும் முறை. ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் ஐயுறுவதும் ஒருசேரத் துன்பம் தரும் என்பது அதன் முடிபுகளில் ஒன்று. நியமனத்துக்கு முன் ஆராய்ச்சி, நியமனத்துக்குப் பின் நம்பிக்கை என்ற இவ்வொழுங்கிலே நவீன நிருவாகத்தின் இரு தூண்களும் கருவாக அமைந்துள்ளன எனலாம். ஆயினும் சோதிப்பவனும் நம்புபவனும் அரசனே. அரசனின் சோதனை தவறினால் அதைத் திருத்துபவர் யார் என்பதற்கு அங்கு விடையில்லை.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் வேறொரு வழியைக் காட்டுகின்றன. ஏறத்தாழ கி.பி. 920ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட இவற்றின்படி ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, வாரியங்களுக்குரியோர் குடவோலை மூலம் தெரியப்பட்டனர். வயதுக்கும் சொத்துக்கும் கல்விக்கும் விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இச்சபை ஒரு பிரமதேயத்தின் சபை. நிலமுடைய ஆடவர்க்கே அது திறந்திருந்தது. அதனை மக்களாட்சி எனப் போற்றுவது மிகையாகும். எனினும் பதவிக்கு வருவதற்கும் பதவியிலிருந்து விலக்கப்படுவதற்கும் உரிய காரணங்கள் யாவரும் காணக் கல்லில் எழுதப்பட்டமை கவனத்துக்குரியது. ஒருவரின் விருப்பு வெறுப்புக்கு மாற்றாக, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட விதி அங்கு நிற்கின்றது.

இலங்கையின் நவீன நிருவாகம் இவ்விரண்டையும்விடப் பிரித்தானிய முடியாட்சியின் மரபிலிருந்தே பெரிதும் பிறந்தது. அம்மரபின்படி முடியின் ஊழியர் எவரும் முடியின் விருப்பம் உள்ள வரையிலேயே பதவி வகிப்பர். 1947ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியல் திட்டமும் இக்கோட்பாட்டைக் கைவிடவில்லை. ஆனால் அதே திட்டம் மூவரைக் கொண்ட பகிரங்க சேவை ஆணைக்குழுவொன்றை நிறுவி, நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம், ஒழுக்காற்றுக் கட்டுப்பாடு ஆகியவற்றை அதனிடம் ஒப்படைத்தது. பாராளுமன்ற உறுப்பினர் எவரும் அதில் அங்கம் வகிக்க இயலாது. ஆணைக்குழுவின் முடிவுகளில் முறைகேடாகச் செல்வாக்குச் செலுத்த முயல்வது குற்றமாக்கப்பட்டது. விருப்பம் என்ற சொல் ஏட்டில் இருக்க, அதனைப் பிரயோகிக்கும் கை அரசியல்வாதியிடமிருந்து எடுக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னே ஒரு தத்துவம் உண்டு. ஜேர்மன் சிந்தனையாளரான ஹெகல் 1821இல், அரசாங்க உத்தியோகத்தரைச் சமூகத்தின் பொது நலனையே தம் நலனாகக் கொண்ட வகுப்பினராகக் கண்டார். மக்ஸ் வெபர் 1919இல் நிகழ்த்திய உரையில் உத்தியோகத்தரின் மானத்தையும் அரசியல்வாதியின் மானத்தையும் வேறுபடுத்தினார். அரசியல்வாதி தன் முடிவுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டியவர். உத்தியோகத்தரோ தாம் உடன்படாத கட்டளையையும், ஆட்சேபத்தைத் தெரிவித்த பின், தம் சொந்த நம்பிக்கையைப் போன்று செவ்வனே நிறைவேற்ற வேண்டியவர். சினமும் சார்புமின்றிப் பணியாற்றுபவர் எக்கட்சி வரினும் பணியாற்ற வல்லவராவர். ஆகவே அவரைக் கட்சிகள் நியமிக்கலாகாது என்பது இதிலிருந்து பெறப்படும் முடிபு.

இத்தத்துவத்தை முதலிற் கடுமையாகத் தாக்கியவர் மார்க்ஸ் ஆவார். 1843இல் ஹெகலை விமர்சித்து எழுதுகையில், பணித்துறை ஆட்சி அரசைத் தன் தனிச்சொத்தாக்கிக் கொள்கின்றது என்றார். 1871ஆம் ஆண்டின் பாரிஸ் கொம்யூனில் உத்தியோகத்தர் மக்களாற் தெரியப்பட்டு, மக்களால் எவ்வேளையும் திருப்பி அழைக்கப்படக் கூடியவராயும் தொழிலாளரின் கூலியையே பெறுபவராயும் இருந்தமையை அவர் வரவேற்றார். இவ்விமர்சனத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. குடியேற்ற ஆட்சியின் பள்ளியிற் பயின்ற உத்தியோகத்தர், மக்கள் வாக்களித்துக் கோரிய சீர்திருத்தங்களைக் கோப்புக்களுக்கிடையே உறங்கவிட்டால், அவர்களது ‘நடுநிலை’ யாருக்குப் பயன்படுகின்றது? மக்களுக்குப் பதில் கூறும் அமைச்சருக்குத் தம் ஊழியர்மீது அதிகாரம் இல்லையெனின், அமைச்சரைத் தெரிவு செய்ததன் பொருள் யாது?

1972ஆம் ஆண்டின் குடியரசு அரசியலமைப்பு இவ்வினாவுக்கு அளித்த விடை தெளிவானது. சுதந்திரமான ஆணைக்குழு ஒழிக்கப்பட்டது. நியமனமும் ஒழுக்காற்றுக் கட்டுப்பாடும் அமைச்சரவையின் பொறுப்பாயின. அமைச்சரவை தேசிய அரசுப் பேரவைக்குப் பதில் கூற வேண்டியதாயிற்று. அரச சேவைகள் ஆலோசனைச் சபையும் ஒழுக்காற்றுச் சபையும் அதற்குத் துணையாக அமைந்தன. இவ்விடயங்களில் அமைச்சரவை விடுக்கும் கட்டளைகளை நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாதெனவும் விதிக்கப்பட்டது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆணைக்குழுவை மீண்டும் தோற்றுவித்ததாயினும், மூல அதிகாரத்தை அமைச்சரவையிடமே வைத்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டவிடத்து உயர் நீதிமன்றத்தை அணுகும் வழி மட்டும் திறந்துவிடப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் அவசியமாகும். கொம்யூனில் உத்தியோகத்தரைத் திருப்பி அழைக்கும் உரிமை மக்களுடையது. 1972இன் ஏற்பாட்டில் அவ்வுரிமை அமைச்சருடையது. மக்களின் பெயரால் எடுக்கப்பட்ட அதிகாரம் மக்களைச் சென்றடையவில்லை. இடைவழியில் அமைச்சரின் மேசையிலேயே தங்கிவிட்டது. அதன் விளைவுகளை நாடு கண்டது. 1977ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தின் பின் ‘வேலை வங்கி’ என்ற பெயரில், தொழில் தேடுவோருக்கான படிவங்கள் பாராளுமன்ற உறுப்பினர் வழியே விநியோகிக்கப்பட்டன. 1980ஆம் ஆண்டு யூலை மாத வேலைநிறுத்தத்திற் கலந்துகொண்ட ஏறத்தாழ 40,000 ஊழியர் பதவியைத் தாமே விட்டு நீங்கியவராகக் கருதப்பட்டுத் தொழிலிழந்தனர். ஒவ்வொருவர்மீதும் குற்றப்பத்திரம் இல்லை. ஒவ்வொருவருக்கும் விசாரணை இல்லை. முன்னதில் நியமனம் கொடையாயிற்று. பின்னதில் தண்டனை கட்டளையாயிற்று. கொடையாக வந்த பதவி கட்டளையாற் போவது இயல்பே. கொடுத்தவருக்கு நன்றி கூறக் கடமைப்பட்ட ஊழியர், மேசைக்கு முன் நிற்கும் அந்நியருக்கு நீதி வழங்கக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதுதல் அரிது.

அவ்வாறாயின் சுதந்திரமான ஆணைக்குழுவே முழு விடையாகுமா? இலங்கைத் தமிழர் நன்கறிந்த வழக்கொன்று அதனையும் ஐயத்துக்குள்ளாக்குகின்றது. எழுதுவினைஞர் சேவையைச் சேர்ந்த கோடீஸ்வரனுக்கு 1962இற் கிடைக்கவேண்டியிருந்த சம்பள ஏற்றம், அவர் சிங்களத் தேர்ச்சி பெறாமையாற் திறைசேரிச் சுற்றுநிருபமொன்றின்படி மறுக்கப்பட்டது. அச்சுற்றுநிருபம் 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்தை அடியொற்றி எழுந்தது. அச்சட்டம் ஓர் இனத்துக்குரிய பாரபட்சத்தைத் தடுத்த அரசியல் திட்டத்தின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என அவர் வழக்குத் தொடுத்தார். 1964இற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம், முடியின் ஊழியர் சம்பளத்துக்காக முடிமீது வழக்குத் தொடுக்க இயலாதெனக் கூறி அதனை மாற்றியது. 1969 டிசெம்பரிற் பிரிவி கவுன்சில் அக்கருத்தை நிராகரித்து, அரசியல் திட்ட வினாவை ஆராயுமாறு வழக்கை உயர் நீதிமன்றத்துக்கே திருப்பியனுப்பியது. அவ்வினாவுக்கு இறுதி விடை கிடைக்கவேயில்லை. பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை 1971இல் ஒழிக்கப்பட்டது. 1972இல் 29ஆம் பிரிவும் மறைந்தது.

இவையனைத்தும் தொடங்கிய காலத்திற் சுதந்திரமான ஆணைக்குழு இருந்தது என்பதே இங்கு சிந்தனைக்குரியது. எந்த அமைச்சரும் கோடீஸ்வரன்மீது தனிப்பட்ட பகை கொண்டு செயற்பட வேண்டியிருக்கவில்லை. விதி எல்லோருக்கும் பொதுவான சொற்களில் இருந்தது. சினமும் சார்புமின்றி அதனை நடைமுறைப்படுத்தவும் முடிந்தது. அநீதி விதியின் கையாளுகையில் இல்லாமல் விதியின் உள்ளேயே இருந்தது. வெபர் போற்றிய நடுநிலையான உத்தியோகத்தர் இத்தகைய விதியின்கீழ் அநீதியின் திறமையான கருவியாகிவிடுகின்றார். யார் நியமிக்கிறார் என்ற வினாவோடு, எத்தகைதியின் பேரில் நியமிக்கிறார் என்ற வினாவும் சேர்ந்தாலன்றி நீதி முழுமை பெறாது.

மொழியறிவைத் தகைமையாகக் கோருவதே தவறு என இதிலிருந்து முடிவு செய்தலும் பொருந்தாது. மக்களின் மொழியறியாத உத்தியோகத்தர் மக்களுக்குப் பணியாற்ற இயலாது. ஒரு தகைமை பணியின் தேவையிலிருந்து பிறந்ததா, அல்லது ஒரு பிரிவினரை வெளியே நிறுத்தும் விளைவுடையதா என்பதே உரைகல்லாகும். காலியிற் பணியாற்றுபவர் சிங்களம் அறிதல் வேண்டும் என்பதற்குரிய அதே நியாயம், மட்டக்களப்பிற் பணியாற்றுபவர் தமிழ் அறிதல் வேண்டும் என்றும் கோருகின்றது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கி, 1988இன் 16ஆவது திருத்தம் இரு மொழிகளையும் நிருவாக மொழிகளாக்கியபோது, இந்நியாயத்தின் இரு பக்கமும் ஏட்டளவிலேனும் ஏற்கப்பட்டன. கோடீஸ்வரனின் வழக்குத் தொடங்கிக் கால் நூற்றாண்டு அதற்குள் கழிந்துவிட்டது.

அண்மைக்கால வரலாறு இன்னுமோர் உண்மையை உணர்த்துகின்றது. 2001ஆம் ஆண்டின் 17ஆவது திருத்தம், அரசியலமைப்புப் பேரவையின் விதப்புரையின் பேரில் நியமிக்கப்படும் ஒன்பது உறுப்பினர் கொண்ட ஆணைக்குழுவை அமைத்தது. அதன் முடிவுகளுக்கெதிராக நிருவாக மேன்முறையீட்டு நியாயசபையையும் ஏற்படுத்தியது. 2005இன் பின் அப்பேரவைக்கே உறுப்பினர் நியமிக்கப்படாமல் ஏற்பாடு செயலிழந்தது. 2010இன் 18ஆவது திருத்தம் நியமன அதிகாரத்தைச் சனாதிபதியிடம் கொண்டுசேர்த்தது. 2015இன் 19ஆவது திருத்தம் பேரவையை மீட்டது. 2020இன் 20ஆவது திருத்தம் அதனை அகற்றியது. 2022இன் 21ஆவது திருத்தம் மீண்டும் கொணர்ந்தது. நியமிப்போரை நியமிப்பவர் யார் என்ற போட்டியே இத்திருத்தங்களின் சாரம். ஆட்சிக்கு வெளியே நிற்கும்போது சுதந்திர ஆணைக்குழுவைக் கோருவதும், ஆட்சியேறியபின் அதனைத் தடையெனக் காண்பதும் ஒரு கட்சிக்கு மட்டும் உரிய பழக்கமன்று. விதியைக் கல்லிற் பொறித்தாலும், அதை மதிக்கும் பண்பு பொறிப்பவர் நெஞ்சில் இல்லையாயின் கல்லும் காலப்போக்கில் தேயும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, மூன்று பொறுப்புக்களைப் பிரித்துணர்தல் தகும். எதனைச் செய்வது என்பதைத் தீர்மானிப்பது மக்கள் தெரிந்த அமைச்சரின் உரிமை. அதனைத் தடுப்பது உத்தியோகத்தரின் வேலையன்று. யார் அதனைச் செய்வது, தவறியவர் யார் என்பதைத் தீர்மானிப்பது கட்சிக்கு அப்பாற்பட்ட ஆணைக்குழுவின் பொறுப்பு. குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் குற்றத்தை அறிவித்து, அவர் கூற்றைக் கேட்ட பின்னரே அது தண்டிக்க வேண்டும். அவ்விதிகளே நீதியானவையா என்பதைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அந்தக் கதவை அடைக்கும் எந்த ஏற்பாடும் முன்னைய இரண்டையும் பயனற்றதாக்கிவிடும். சோல்பரித் திட்டம் இரண்டாவதை அளித்து மூன்றாவதில் தடுமாறியது. 1972இன் அமைப்பு முதலாவதைக் காக்கப் புறப்பட்டு மற்றை இரண்டையும் இழந்தது.

எந்த அரசியலமைப்பும் ஓர் உத்தியோகத்தரை நேர்மையானவராக்கிவிட இயலாது. முறையற்ற கட்டளைக்கு ‘இயலாது’ என்று கூறும் துணிவு அவரவர் மனச்சாட்சியிலிருந்தே வரவேண்டும். ஆயின் அவ்வாறு கூறியவர் மறுநாட் காலையும் அதே மேசைக்குத் திரும்பி வரக்கூடியதாக இருத்தல் வேண்டும். அதற்குரிய உத்தரவாதத்தை அளிப்பது அரசியலமைப்பின் கடன். உத்தியோகத்தர் தமக்கென அனுபவிக்கும் சலுகையாக இதனைக் கருதலாகாது. சிபாரிசுக் கடிதம் எதுவுமின்றி வாங்கிற் காத்திருக்கும் முதியவருக்குரிய பாதுகாப்பு அது. அரசாங்க ஊழியர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்ற வினாவுக்கு அம்முதியவரின் முகத்திலேயே விடை உளது.