கப்பலேறிய பாட்டிகள்

கடலூர் முதுநகரில் உப்பனாற்றங்கரையில் நிற்கும்போதெல்லாம், இந்த மாவட்டத்திலிருந்து போய்த் திரும்பாத பெண்களைப் பற்றிய நினைப்பு வந்துவிடுகிறது. அவர்கள் கப்பலேறியது சென்னையில். ஊரிலிருந்து அங்கே கொண்டுபோய், டிப்போவில் தங்கவைத்து, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஏற்றினார்கள். 1860 அக்டோபரில் சென்னையை விட்ட ‘ட்ரூரோ’ கப்பல் 342 பேருடன் நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911 வரை கரும்புத் தோட்டங்களுக்கும் மற்ற வேலைகளுக்கும் போனவர்கள் 1,52,184 பேர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். இந்தப் பகுதியான பழைய தென்னார்க்காட்டு ஊர்ப் பெயர்கள் அந்தக் கப்பல் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன.

*

கப்பலேறிய வேறு பாட்டிகளும் உண்டு. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் 1788 முதல் 1868 வரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்ட கைதிகளில் சுமார் 25,000 பேர் பெண்கள். பேரப்பிள்ளைகள் வெகுகாலம் அதை மூடி மறைத்தார்கள். இன்று அந்தப் பாட்டியைத் தேடிக் கண்டுபிடிப்பதே குடும்பப் பெருமையாகிவிட்டது. என்ன திருடினாள், எத்தனை வருஷத் தண்டனை, கண் என்ன நிறம் என்பது வரை ஏட்டில் இருக்கிறது.

நம் பெண்கள் எந்தக் குற்றமும் செய்யவில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்தார்கள். ஆனால் அவர்களுடைய ஏடும் கைதியின் ஏடு போலத்தான்: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள மச்சம், தழும்பு. ஏன் புறப்பட்டாள் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

*

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருந்தாக வேண்டும் என்பது விதி. குடும்பமாக வருகிறவர்கள் போதவில்லை. ஆள் பிடிப்பவர்கள் சந்தையிலும் சத்திரத்திலும் கோயில் வாசலிலும் தனித்து நின்ற பெண்களைத் தேடினார்கள். கைம்பெண், புருஷன் விட்டுப்போனவள், பஞ்சத்தில் வீட்டை இழந்தவள்.

ஆருத்ரா தரிசனத்தன்று சிதம்பரத்துத் தேர் வீதிகளில் நகரும் கூட்டத்தைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்வேன்: இப்படி ஒரு கூட்டத்தில், கையில் காசில்லாமல், திரும்பிப் போக வீடில்லாமல் ஒருத்தி நின்றிருப்பாள். ‘வேலை இருக்கிறது, சோறு இருக்கிறது’ என்று யாரோ வந்து சொல்லியிருப்பான்.

தனியாக வந்த பெண்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று அன்றைய துரைமார் எழுதிவைத்தார்கள். அதை நம்மவர்களும் நம்பினார்கள். நான் அதை ஏற்கவில்லை. பசியோடு புறப்பட்டவளுக்கு அது தைரியமான முடிவு.

*

ஆணுக்கு முதல் வருஷச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். பெண்ணுக்கு அதில் பாதி. 1895இல் வந்த சட்டம், ஒப்பந்தம் முடிந்தபின் மறு ஒப்பந்தமும் செய்யாமல் இந்தியாவுக்கும் திரும்பாமல் அங்கேயே இருப்பவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்றது. பெண்களுக்கும் அதே மூன்று பவுன்தான். ஒருத்தியின் முதல் வருஷக் கூலி முழுவதற்கும் அது சமம். 1913இல் அந்த வரியை எதிர்த்த போராட்டத்தில் பெண்கள் சிறை சென்றார்கள். சிதம்பரத்துக்குத் தெற்கே உள்ள தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை அவர்களில் ஒருத்தி. ஜோகன்னஸ்பர்க் வியாபாரியின் மகள். சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையான பிறகு, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது பதினாறு. அவள் பெயர் நமக்குத் தெரியும். யாருக்காகச் சிறை போனாளோ அந்தத் தோட்டத்துப் பெண்களின் பெயர் ஒன்றாவது நமக்குத் தெரியுமா?

*

டர்பனில் உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் ஒரு கோயில் கட்டினார்கள். 1905 வெள்ளத்தில் அது போயிற்று. தப்பிய கதவுகளை வைத்துப் பின்னால் வேறிடத்தில் எழுப்பிய கோயிலுக்குப் பெயர் அம்பலவாணர் ஆலயம். தில்லையில் ஆடுகிறவனின் பெயர். அங்கே ஆண்டுதோறும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி நடக்கிறது, செஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில் நடப்பது போலவே. சபையில் இழுத்து வரப்பட்ட ஒருத்தியைத் தெய்வமாக்கிக் கடல் தாண்டியும் விடாமல் வைத்துக்கொண்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது.

*

இன்று அவர்களுடைய கொள்ளுப்பேத்திகள் ஓர் எண்ணையும் ஓர் ஊர்ப் பெயரையும் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். ஊர்ப் பெயர் எழுதிய குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி இருக்கும். பெயர் தெளிந்தாலும் புதூர் என்றால் எந்தப் புதூர்? தாலுகா தெரிந்தால் ஓரளவு நெருங்கலாம். குலதெய்வம் தெரிந்தால் இன்னும் நெருங்கலாம். அதற்கு மேல் ஏடு உதவாது. இந்தக் கரையில் யாராவது ஞாபகம் வைத்திருக்க வேண்டும்.

தென்னார்க்காட்டுக் குடும்பங்களில் ‘கப்பல்ல போனவ, வரவே இல்ல’ என்று யாரைப் பற்றியாவது பெரியவர்கள் சொல்லக் கேட்டிருந்தால், அவள் பெயர், தகப்பன் பெயர், ஊர், குலதெய்வம் நான்கையும் இன்றே ஒரு தாளில் எழுதிவையுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.