முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுசுவரப் பாடல்கள்

சைவ உபாத்தியாயர்களாகிய அன்பர்களே,

பெருஞ்செல்வன் ஒருவன் மனையிற் புகுவோர் அவன் களஞ்சியத்தையே நோக்குவர். குழந்தைகளுக்கென அவன் எடுத்துவைத்த சிறு செப்பினை நோக்குவார் அரியர். முத்துசுவாமி தீட்சிதர் திறத்து நாம் செய்வதும் இதுவேயாம். 1775-ஆம் ஆண்டிலே திருவாரூரிற் பிறந்து, 1835-ஆம் ஆண்டுத் தீபாவளித் திருநாளில் எட்டயபுரத்திலே தேகவியோகமடைந்தவர் அப்பெரியார். தியாகேசர்மேலும் கமலாம்பிகைமேலும் பஞ்சபூதத் தலங்கள்மேலும் அவர் பாடிய கீர்த்தனங்களைச் சபைகளிற் கேட்டு இன்புறுகின்றோம். நோட்டுசுவர சாகித்தியம் என்னும் பெயரால் அவர் இயற்றிய சிறுபாடல்கள் ஏறக்குறைய நாற்பது உள. அவற்றை அறிந்தோர் நம்முட் சிலரே.

அவை பிறந்த வரலாறு இது. தீட்சிதரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதர், சென்னைக்கு அணித்தாகிய மணலியிலே, முத்துக்கிருஷ்ண முதலியாரும் அவர் மைந்தரும் ஆதரிக்கக் குடும்பத்தோடு வாழ்ந்தனர். அம்மைந்தர் கிழக்கிந்தியக் கும்பினியாரோடு பழகிய துவிபாஷி. ஆதலின், புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியர் முழக்கிய பாண்டு வாத்திய இசை தீட்சிதர் சகோதரர் செவிக்கு எட்டிற்று. தம்பியார் பாலுசுவாமி தீட்சிதர் பிடிலைக் கற்று அதனை நம் இசைக்கு உரியதாக்கினார். தமையனாரோ, அவ்வந்நிய மெட்டுகளுக்கு வடமொழியிலே தெய்வத் துதிகளை அமைத்தார். ஆங்கில அரசருக்கு வாழ்த்தாகப் பாடப்பட்ட மெட்டு, அவர் வாக்கிலே சங்கீத சியாமளையின் திருவடியில் 'சந்ததம் பாஹிமாம்' என்னும் பாடலாயிற்று. விண்மீனைப் பற்றி ஆங்கிலக் குழந்தைகள் பாடும் பாட்டின் மெட்டோடு ஒத்தது 'சியாமளே மீனாக்ஷி' என்பது.

இவ்விரண்டாவது பாட்டினைப் பற்றி யாம் சொல்லக் கடமைப்பட்ட ஒன்று உண்டு. ஒருபாற் கடலும் ஒருபால் வாவியுமாகக் கிடக்கும் எம் பெரியகல்லாற்றிலே, சில ஆண்டுகளுக்கு முன் வாணிவிழா நடந்தது. ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மேடையேறி இப்பாட்டைத் தொடங்கினாள். யாம் இளமையிற் பயின்றது மிஷனரிமார் நிறுவிய பாடசாலை. கணக்கும் இலக்கணமும் காலந்தவறாமையும் யாம் அங்கே பெற்ற செல்வங்கள். அவற்றை மறந்தால் நன்றி கொன்றவராவோம். ஆயினும், பிறர் வழிபாட்டுப் பாட்டை நாடோறும் பாடி வளர்ந்தமையாற் போலும், அத்தகைய மெட்டொன்றைக் கேட்டவுடனே உள்ளம் வெருவும் குணம் எம்மிடத்துப் படிந்திருந்தது. சொல்லைக் கேளாது மெட்டை மாத்திரமே கேட்டோம். கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினோம். "கலைமகள் சந்நிதியில் வெள்ளைக்காரர் பாட்டு வேண்டாம், தேவாரம் ஒன்று பாடு" என்றோம். அச்சிறுமி ஒன்றும் பாடாமல் இறங்கிப் போயினாள்.

அன்று மாலை சங்கீத ஆசிரியை எம்மிடம் வந்து, "ஐயா, அது தீட்சிதர் பாட்டு" என்று மெல்லச் சொன்னார். நூலைப் பார்த்தோம், அவ்வாறே இருந்தது. மறுநாள் அப்பிள்ளையை அழைத்துப் பிழை எம்முடையதென்று கூறினோம். அவள் தலையசைத்தாள். அடுத்த ஆண்டு விழாவிற்குப் பாட அழைத்தபோது, "வேணாம் சேர்" என்று மாத்திரம் சொன்னாள். அவள் பின்பு எம் மேடையில் ஏறவேயில்லை.

சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பென்றும், அது பளிங்கு போல்வதென்றும் சித்தாந்தம் பயின்ற நாம் பிறர்க்கு எடுத்தோதுகின்றோம். மெட்டும் ஒரு பளிங்கே. அரசனைச் சார்ந்தால் அரசன் வண்ணமும், அம்மையைச் சார்ந்தால் அம்மை வண்ணமும் காட்டும். பிள்ளையின் மனமோ அதனினும் தெளிந்த பளிங்கு. அன்று அதன்முன் யாம் வைத்தது எமது முகக்கடுமையையே அன்றோ!

நம் சைவப் பாடசாலைகளின் வரலாற்றையும் சிறிது நினைமின். ஆறுமுக நாவலர் பெருமான் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்றவர், அங்கேயே கற்பித்தவர், பார்சிவல் துரையின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவியவர். அவரே 1847-ஆம் ஆண்டின் இறுதி நாளில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். வகுப்பும் அச்சுப் புத்தகமும் வாரப் பிரசங்கமும் மிஷனாரிடம் அவர் கண்ட மெட்டுகள். அவற்றுக்கு அவர் அமைத்த சாகித்தியம் சைவம். நாம் நிற்கும் வகுப்பறையே ஒரு நோட்டுசுவரப் பாடல் எனின் அது மிகையாகாது.

இன்னும் ஒன்று. தீட்சிதர் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் தம்மிடமிருந்த இசைச் செல்வத்தை அச்சிலேற்றுமாறு இடைவிடாது வேண்டியவர் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவர். நம் கீர்த்தனங்களை ஐரோப்பிய இசைக்குறியில் எழுதி வெளியிட முயன்றவரும் அவரே. எட்டயபுர அரசர் ஆதரவோடு 1904-இல் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' வெளிவந்தது. பிற சமயத்தார் மெட்டை நம்மவர் ஏற்றார். நம்மவர் பாட்டைக் காக்கப் பிற சமயத்தார் ஒருவர் உழைத்தார்.

அற்றேல், கேட்ட மெட்டையெல்லாம் பிள்ளைகளுக்குப் புகட்டலாமோ எனின், அன்று. தீட்சிதர் இராக இலக்கணத்தில் ஆழ வேரூன்றியவர். ஆதலின் வந்த காற்று அவரை அசைத்ததன்றிப் பெயர்த்திலது. நம் பிள்ளைகளுக்கும் முதற்கண் பண்ணோடு தேவாரம் பயிற்றுக. அதன்பின் இப்பாடல்களைக் கற்பிக்க. சங்கராபரண சுரங்களில், மிகுந்த கமகமின்றி, சிறிய அளவினவாய் அமைந்தமையால் இளங்குரலுக்கு இவை மிக இசைவன. 'சக்தி சஹித கணபதிம்' என்பதை வகுப்புத் தொடக்கத்திலும், சியாமளை துதியை வாணிவிழாவிலும் பாடுவிக்கலாம். வடமொழிச் சொற்களுக்குத் தமிழிற் பொருள் சொல்லுக. மெட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் மறையாது சொல்லுக.

அன்பர்களே, உங்கள் மேடையில் ஒரு பிள்ளை அறியாத மெட்டொன்றைத் தொடங்கினால், பாட்டு முடியுந்துணையும் பொறுத்துக் கேளுங்கள். யாம் அன்று செய்யாத அதனை நீவிராயினும் செய்தல் வேண்டும் என்பதே எமது விண்ணப்பம்.

திருச்சிற்றம்பலம்.