உல்லாசப் படகும் உள்ளத்தின் கணக்கும்

செல்வம் பெருகிய ஒருவர் தமக்கும் தம் குடும்பத்தாருக்கும் இன்பம் தரும் பொருளை வாங்குவது குற்றமா? நம் வியாபாரச் சகோதரர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. வீடு, மோட்டார் வண்டி என்று தொடங்கிய பேச்சு இப்பொழுது உல்லாச மோட்டார்ப் படகு வரை வந்திருக்கிறது. துவாஸிலும் கெப்பல் தீவிலும் செந்தோசாவிலும் வரிசையாகக் கட்டிக் கிடக்கும் வெள்ளைப் படகுகளைப் பார்ப்பவர்க்கு ஆசை பிறப்பதில் வியப்பில்லை. கடலும் நமக்குப் புதிதல்லவே!

ஹலாலான பணத்தைக் கொண்டு ஹலாலான இன்பத்தை நுகர்வதை மார்க்கம் தடுக்கவில்லை. வீண்விரயத்தைத்தான் திருமறை கண்டிக்கிறது. அப்படியானால் எது இன்பம், எது விரயம்? விலையை மட்டும் வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது என்பது நம் அபிப்பிராயம். வாங்குவது ஒரு நாள் வேலை. பேணுவதோ ஆயுள் முழுதும் வேலை. ஆகவே பேணும் செலவைக் கணக்கிட்ட பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வியாபாரிகளாகிய நாம் பேரேட்டைத் திறந்து பார்ப்போமே. படகின் விலையில் நூற்றுக்குப் பத்து வருஷந்தோறும் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. 500,000 வெள்ளிக்குப் படகு வாங்கினால் ஆண்டுக்கு 50,000 வெள்ளி. மாதம் ஒரு முறை கடலுக்குப் போகிறவருக்கு, ஒரு பயணத்துக்கு 4,000 வெள்ளிக்கு மேல் விழுகிறது!

இந்தப் பணம் எங்கே போகிறது? படகு கட்டும் இடத்துக்கு அதன் நீளத்தை அளந்து மாத வாடகை வாங்குகிறார்கள். கடல்துறை, துறைமுக ஆணையத்தின் உரிமம் வேண்டும். காப்புறுதி வேண்டும். நம் வெப்பக் கடலில் பாசியும் சிப்பியும் விரைவில் ஒட்டிக்கொள்ளும். அதனால் படகைக் கரையேற்றிச் சுரண்டி, பாசி பிடிக்காத சாயம் பூச வேண்டும். உப்புநீர் உலோகத்தை அரிக்காதிருக்க, அடியில் பொருத்திய துத்தநாகத் துண்டுகளைத் தேயத் தேய மாற்ற வேண்டும். இரண்டு டீசல் இயந்திரங்களுள்ள பெரிய படகை வேகமாக ஓட்டினால் மணிக்கு 100 லிட்டருக்கு மேல் எண்ணெய் குடிக்கும். படகோட்டிக்குச் சம்பளம் தனி. இவற்றில் பெரும்பகுதி, படகு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுக்க வேண்டிய செலவு. கடையில் சரக்கு தூங்கினால் முதல்தான் முடங்கும். படகோ தூங்கும்போதும் தின்னும்.

இதிலே ஜகாத்தின் கணக்கும் இருக்கிறது. அந்த 500,000 வெள்ளி ரொக்கமாகவோ வியாபாரச் சரக்காகவோ ஓராண்டு இருந்தால், நூற்றுக்கு இரண்டரை வீதம் 12,500 வெள்ளி ஏழைகளுக்குச் சேரும். சொந்த உபயோகத்துக்கான படகாக அது மாறிவிட்டால் அதற்கு ஜகாத் இல்லை. சட்டப்படி குற்றமில்லைதான். ஆனால் ஆண்டுதோறும் அந்தப் பங்கைப் பெற்று வந்த விதவையும் அனாதையும் அதை இழக்கிறார்களே! பொருளை எப்படித் தேடினாய், எப்படிச் செலவு செய்தாய் என்று மறுமையில் கேட்கப்படும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். இரண்டாவது கேள்விக்குக் கடைப் பேரேடு மட்டும் பதிலாகாது.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். வியாபாரம் மந்தமான ஆண்டில் முதலில் எந்தச் செலவைக் குறைப்போம்? பழுதுபார்ப்பதைத்தான் தள்ளிப்போடத் தோன்றும். உள்ளே சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு இன்னும் ஒரு மாதம் ஓடட்டும் என்போம். படகோட்டியின் சம்பளம் அடுத்த வாரம் ஆகட்டும் என்போம். பிறகு பெருநாள் அன்று உறவினரையும் பிள்ளைகளையும் அதே படகில் ஏற்றுவோம். அவர்கள் உயிர் நம்மிடம் அமானத் அல்லவா? வேலையாளின் கூலி வியர்வை உலர்வதற்கு முன் சேர வேண்டியது அல்லவா? பேண முடியாத பொருளை வைத்திருப்பவர் தம் பணத்தை மட்டும் இழக்கவில்லை. பிறர் உரிமையிலும் கை வைக்கிறார்.

நம் முன்னோர் கப்பல் வைத்திருந்தனர். நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் மரக்காயர்களின் கப்பல்கள் கீழ்க்கடலெங்கும் சென்றன. சிங்கப்பூர் ஆற்றில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சரக்கு இறக்கிய தொங்கான்களில் சூலியா மக்கள் ஏராளமாக உழைத்தார்கள். அந்தக் கலங்கள் சம்பாதித்த கூலியே அவற்றைப் பழுதுபார்த்தது. பல குடும்பங்களுக்குச் சோறும் போட்டது. திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் கப்பலும் கடலில் பாடுபட்ட ஏழைகளுடையதே. கொடிய அரசன் பறித்துக்கொள்ளாமல் காக்கவே கிள்று (அலை) அவர்கள் அதில் பழுது உண்டாக்கினார்கள். அந்த ஏழைகளுக்குக் கப்பல் பிழைப்பாக இருந்தது.

பேணும் செலவை முன்னதாகவே நினைத்த அறிவை டன்லப் தெருவில் காணலாம். அப்துல் கபூர் பள்ளிவாசலின் தர்மகர்த்தாக்களில் ஒருவரான ஷெய்கு அப்துல் கபூர் அவர்கள் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் 1887-இல் அங்கே கடைவீடுகளும் குதிரை லாயங்களும் கட்டுவித்தார். அவற்றின் வாடகை பள்ளிக்குப் பயன்பட்டது. 1907-இல் தொடங்கிய புதிய கட்டடம் 1927-இல் முடிந்தது. கட்டுமுன்பே, எதைக் கொண்டு காப்பது என்று யோசித்திருக்கிறார்கள்! நம் காலத்தில் கட்டடத்துக்கு நன்கொடை தருபவர் பலர். கூரை ஒழுகினால் ஓடு மாற்றவும், மதரஸா உஸ்தாதுக்கு மாதச் சம்பளம் கொடுக்கவும் முன்வருபவர் சிலரே.

படகு வாங்கக் கூடாது என்று நாம் பத்வா கொடுக்கவில்லை. உழைத்துக் களைத்தவர் தம் மக்களோடு கடற்காற்றை அனுபவிப்பதும் நல்ல காரியமே. ஆனால் விலை பேசுமுன் தமக்குத்தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளட்டும்: வட்டிக் கடனின்றி வாங்க முடியுமா? மந்தமான ஆண்டிலும் கூலியும் பழுதும் பாக்கியின்றிப் பேண முடியுமா? இதனால் ஏழைகளுக்கு நின்றுபோகும் பங்கை நம் விருப்பத்தால் ஸதகாவாகத் தொடர்ந்து கொடுக்க மனம் வருமா? மூன்றுக்கும் ஆம் என்பவர் தாராளமாக வாங்கட்டும். ஒன்றுக்கேனும் தயங்குபவர், தேவையான அன்று வாடகைக்கு எடுத்துப் போய்வரலாம். இன்பம் அதுவே, சுமை குறைவு. மிச்சமாகும் பணத்துக்கு நற்பணிகள் எத்தனையோ காத்திருக்கின்றன.

நாம் வைத்திருக்கும் பொருள் நம்மை ஆளாமல், அதை நாம் நல்வழியில் ஆளும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.