பழைய கியர்பாக்ஸும் பழுதற்ற மனச்சாட்சியும்



தலைப்பைக் கண்டதும், "மோட்டார் பட்டறைச் சங்கதிக்கு இந்தப் பத்திரிகையில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் புன்னகை செய்யக்கூடும். நீதி என்னும் புண்ணியம் கோயிலுக்குள் மட்டும் அநுசரிக்கப்பட வேண்டியதன்று. கடைவீதியிலும் பட்டறையிலும் சந்தையிலுந்தான் அது அதிகமாய்ச் சோதிக்கப்படுகிறது. ஆகையால் இவ்வாரம் பட்டறைக்குள் சற்றே நுழைந்து பார்ப்போம்.

குன்னூரில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கும் ஒரு குடும்பத் தலைவரை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய வண்டி கிளச் மிதிக்கத் தேவையில்லாத, தானே கியர் மாறிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வண்டி. காலையில் ஒழுங்காக ஓடுகிறது. சூடு ஏறியபின் மேட்டில் எஞ்சின் இரைகிறதே தவிர வண்டி முன்னேறுவதில்லை. மெக்கானிக் சோதித்துவிட்டு, "கியர்பாக்ஸ் போய்விட்டது, அண்ணே" என்கிறார். புதியது வாங்கினால் வண்டியின் இன்றைய மதிப்பில் பெரும்பங்கை அதுவே விழுங்கிவிடும். ஆகவே கோயமுத்தூர் உக்கடத்திலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ, பிரித்துப் போட்ட வண்டியிலிருந்து எடுத்த பழைய கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கிப் பூட்டலாம் என்று அவர் தீர்மானிக்கிறார்.

இதில் குற்றம் ஏதுமில்லை. பழைய பொருளை வாங்குவதும் விற்பதும் நேர்மையான தொழிலே. நல்ல நிலையிலுள்ள பாகத்தைக் குப்பையில் எறியாமல் இன்னொரு வண்டிக்கு உயிர் கொடுப்பது சிக்கனமுமாகும். ஏழைத் தொழிலாளியின் வண்டி ஓடுவது இத்தகைய கடைகளின் புண்ணியத்தால் என்றுகூடச் சொல்லலாம். நாம் ஆராய வேண்டிய கேள்வி இதுதான்: அந்தக் கியர்பாக்ஸில் ஒரு குறை இருக்கிறது, விற்பவருக்கு அது தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது, அவர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கேளாததைச் சொல்ல விற்பவர் கடமைப்பட்டவரா?

நம் பாட்டனார் காலத்தில் மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணினார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், அதன் பிறகே துண்டுக்குள் கை கொடுத்து விலை பேசினார்கள். கியர்பாக்ஸுக்கு எண்ணிப் பார்க்கப் பல் ஏது? அது கடைத் தரையில் ஓர் இரும்புப் பெட்டியாகக் கிடக்கிறது. வண்டியில் பூட்டி, எண்ணெய் ஊற்றி, சூடேறும்வரை மேட்டில் ஓட்டினாலன்றி அதன் உண்மை நிலை வெளிப்படாது. மேலாக எண்ணெயைப் பார்க்கலாம். புதிய எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாயிருக்கும்; கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தட்டுகள் கருகியிருக்கின்றன என்று அறியலாம். ஆனால் எண்ணெயை முன்பே வடித்துவிட்டிருந்தால் அந்தச் சாட்சியும் போய்விடுகிறது.

இன்னொரு குறையையும் சொல்லுகிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் ஏராளமான வண்டிகள் நீரில் மூழ்கின. மூழ்கிய வண்டியின் கியர்பாக்ஸுக்குள் காற்றுப் போகும் துவாரத்தின் வழியாகத் தண்ணீர் புகுந்துவிடலாம். அந்த நீர் உள்ளே தட்டுகளின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சின் பசையைக் கெடுத்துவிடும். வெளியே துடைத்துவிட்டால் பெட்டி பளபளவென்றிருக்கும். சில நாட்கள் ஓடவும் ஓடும். பின்பு பூச்சு உரிந்து, தட்டு வழுக்கத் தொடங்கும். இதை எந்தக் கண் கண்டுபிடிக்கும்? அந்தப் பெட்டி எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதை அறிந்தவர் வாய் திறந்தாலொழிய வாங்குபவருக்கு வழியேது?

"போனால் பணந்தானே!" என்று சொல்லுவீர்களானால், நாம் வசிக்கும் இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் 36. இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிமானம் குறைந்துபோகும். ஆகவேதான் சிறிய கியரில் இறங்குங்கள் என்று மலைச்சாலை ஓட்டுநருக்குச் சொல்லப்படுகிறது. அப்படி இறங்கும்போது எஞ்சினே வண்டியைப் பின்னாலிருந்து பிடித்திழுக்கிறது; அந்தப் பிடி சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது கியர்பாக்ஸின் வழியாக. நம் மலை ரயிலை எண்ணிப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மத்தியில் பதித்த பற்சட்டத்தை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக்கொண்டு போகிறது. 1899 முதல் குன்னூருக்கு வந்த பிரயாணிகளில் எத்தனை பேர் குனிந்து அந்தப் பற்களைப் பார்த்திருப்பார்கள்? பார்த்த ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கையிலேயே உட்கார்ந்து வந்தார்கள். வாடகைக் காரின் பின் இருக்கையில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாயும் அப்படியே. ஆகையால் கடையில் பேசாமலிருந்த ஒரு வாயின் விலையைக் கொடுப்பவர் வாங்கியவர் மட்டுமல்ல. அந்தக் கடையையே கண்டிராதவர்களும் கொடுக்க நேரிடும்.

இந்தக் கேள்வி புதியதன்று. கி.மு. 44இல் ரோமாபுரிச் சிசெரோ கடமைகளைப் பற்றி எழுதிய நூலில், குறையுள்ள வீட்டை விற்கும் ஒருவனைக் குறித்து இரண்டு தத்துவ ஞானிகள் தர்க்கம் செய்வதைச் சொல்லுகிறார். 'சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு. வாங்குகிறவன் தானே பார்த்துக்கொள்ளட்டும்' என்பது ஒருவர் கட்சி. 'பிறருக்குத் தெரிய வேண்டியதை உன் லாபத்துக்காகத் தெரியாமல் வைப்பது அநீதி' என்பது மற்றவர் கட்சி. சிசெரோ இரண்டாமவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதே விஷயத்தை எடுத்துக்கொண்டு இன்னும் நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். ஒற்றைக் கண் குதிரையை விற்கிறாய். குறை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அதற்கேற்ப விலையையும் குறைத்துக்கொண்டாய். அப்போது நீ அதை வாய்விட்டுச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. ஆனால் குறை மறைவானது, வாங்குபவனுக்கு நஷ்டமோ ஆபத்தோ விளைவிக்கக்கூடியது என்றால், அவன் கேட்டாலும் கேளாவிட்டாலும் சொல்லியே தீரவேண்டும். சொல்லாமல் விற்பது வஞ்சகம். உண்டான நஷ்டத்தை ஈடு செய்யவும் நீ கடமைப்பட்டவன். இதுவே அவருடைய முடிவு. கியர்பாக்ஸின் மேல்மூடியில் துரு பிடித்திருப்பது ஒற்றைக் கண்ணைப் போன்றது. உள்ளே வெள்ளநீர் புகுந்தது எவருக்கும் தெரியாத வியாதியைப் போன்றது.

"பழைய சாமான் என்று தெரிந்துதானே வாங்குகிறார்?" என்று ஒரு ஆட்சேபம் எழும். மெய்தான். பழைய பொருளுக்குரிய தேய்மானத்தை வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார். அது விலையிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் தேய்ந்த பொருளை வாங்கச் சம்மதித்தவர், செத்த பொருளை வாங்கச் சம்மதித்தவர் ஆகமாட்டார். "ஏழு நாள் செக்கிங் வாரண்டி கொடுத்தேனே!" என்பது அடுத்த ஆட்சேபம். நேர்மையான கடைக்காரர் கொடுக்கும் வாரண்டி, அவருக்கே தெரியாத குறைக்கு ஒரு பாதுகாப்பு. எட்டாம் நாள் கெடும் என்று தெரிந்துகொண்டு ஏழு நாள் வாரண்டி கொடுப்பவரோ கண்ணியையல்லவா வைக்கிறார்?

நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் வாய்மூடியிருக்கவில்லை. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், வாங்குபவரே எச்சரிக்கையாயிருக்க வேண்டும் என்பதைப் பொது விதியாக வைத்தபோதிலும், இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, அத்தொழில் செய்யும் வியாபாரியின் அநுபவத்தை நம்பி ஒருவர் வாங்கினால், பொருள் அக்காரியத்துக்குத் தக்கதாயிருக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவில் விலக்கும் வைத்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து ஜீவனம் நடத்துவதற்கென்றே பொருள் வாங்குபவரையும் நுகர்வோராகக் கொள்ளுகிறது. அவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். ஆனால் கையில் ரசீது வேண்டும். விலையில் கொஞ்சம் குறையும் என்பதற்காக ரசீது வேண்டாமென்று சொல்லுகிறவர், தம் சாட்சியைத் தாமே அனுப்பிவிடுகிறார்.

இனி வாங்குபவருடைய கடமையைப் பார்ப்போம். விற்பவர் உண்மை சொல்லவேண்டுமென்றால் வாங்குபவர் அதற்கு இடங்கொடுக்க வேண்டும். எந்த வண்டியிலிருந்து எடுத்தது, எவ்வளவு தூரம் ஓடியது, மோதலில் உடைந்த வண்டியா வெள்ளத்தில் மூழ்கியதா, பாக எண் நம் வண்டிக்குச் சரியாகப் பொருந்துகிறதா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். மலைச்சாலையில் ஓடப்போகும் வண்டி என்பதையும் சொல்லுங்கள். குறையை ஒளிக்காமல் சொன்ன கடைக்காரரை அந்த உண்மைக்காகவே அடித்துப் பேசி, பக்கத்துக் கடையின் இனிமையான பொய்யிடம் ஓடிப்போகாதீர்கள். உண்மை சொன்னவர் ஒவ்வொரு முறையும் வியாபாரத்தை இழந்தால், நாமே அவருக்குப் பொய்யைக் கற்றுக்கொடுத்தவர்களாவோம்.

பட்டறைக்காரருக்கும் ஒரு வார்த்தை. பழைய கியர்பாக்ஸ் உடைந்தபோது சிதறிய துகள்கள் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய்களில் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாமல் வேறு பெட்டியைப் பூட்டினால், நல்ல பெட்டியும் கெட்டுப்போகும். பழியோ விற்றவர் தலையில் விழும். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையைச் செய்யாமலே கூலி வாங்குவதும் மறைவான குறையை விற்பதே.

இப்போது கதையின் கடினமான இடத்துக்கு வருவோம். நம் குன்னூர்க்காரர் கேட்டுப் பார்த்துத்தான் வாங்கினார், ஆனாலும் ஏமாந்துபோனார். இரண்டாம் மாதம் புதிய பெட்டியும் வழுக்கத் தொடங்கிற்று. வாரண்டி முடிந்துவிட்டது. கடைக்காரர் கையை விரிக்கிறார். வங்கித் தவணை நிற்கிறது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நிற்கிறது. அந்த நேரத்தில் ஒரு சிநேகிதர் காதோரம் சொல்லுகிறார்: "கெட்டியான மருந்து எண்ணெய் ஒன்று இருக்கிறது. ஊற்றினால் கொஞ்ச நாள் வழுக்கல் தெரியாது. எச்சரிக்கை விளக்கை ஸ்கேனர் வைத்து அணைத்துவிடலாம். கீழே சமவெளியில் கொண்டுபோய் வண்டியைத் தள்ளிவிடுங்கள். உங்களை ஒருவன் ஏமாற்றவில்லையா?"

வாசகரே, இவ்வளவு நேரம் நாம் கடைக்காரரை விசாரித்துக்கொண்டிருந்தோம். இப்பொழுது விசாரணை மண்டபத்தில் நிற்பவர் நம்மைப் போன்ற ஒரு நல்ல மனிதர். அவரை எளிதாகக் கண்டித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் பட்ட நஷ்டம் மெய்யானது. ஆனால் அந்த நஷ்டத்தை அவருக்கு உண்டாக்கியவர் ஒருவர். அவர் அதைச் சுமத்த எண்ணுபவர் வேறொருவர். அந்த மூன்றாம் மனிதர் இவருக்குச் செய்த தீங்கு என்ன? விற்றவரிடம் திரும்பக் கேட்க இவருக்கு உரிமையுண்டு, முறையிட உரிமையுண்டு. யாரோ ஒருவரிடம் வசூலிக்க உரிமையில்லை. அநியாயத்தைக் கைமாற்றிக்கொண்டே போனால் அது குறைவதில்லை. ஒரு நாள், ஒரு வளைவில், ஏதோ ஒரு குடும்பத்தின்மேல் முழுவதுமாக விழும். எங்கேனும் ஒரு மனிதன், "இது என்னோடு நிற்கட்டும்" என்று சொன்னால்தான் அது நிற்கும். வண்டியின் குறையை மறைக்காமல் சொல்லி, குறைந்த விலைக்கு விற்பது இவருக்குத் திறந்திருக்கும் வழி. அது நஷ்டமான வழிதான். நேர்மைக்கு எப்போதும் லாபம் கிடைக்கும் என்று உங்களுக்கு நான் பொய் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

ஆனால் அந்த நஷ்டத்தை அவர் தனியே சுமக்கவேண்டுமென்று எந்தக் கற்பனையும் விதிக்கவில்லை. அவருக்கு ஒரு மாதம் வண்டியை இரவல் கொடுக்கக்கூடியவர், தவணைக்கு வட்டியில்லாமல் கைமாற்றுத் தரக்கூடியவர், புகார் மனு எழுதத் தெரிந்தவர் நம் வீதியிலேயே இருப்பார்கள். நேர்மையாயிரு என்று அயலானுக்குப் புத்தி சொல்லுகிற நாம், அவன் நேர்மையாயிருந்ததால் பட்ட கஷ்டத்தில் பங்கெடுக்காவிட்டால், நம் புத்திமதிக்கு என்ன மதிப்பு?

உங்கள் வீட்டிலும் விற்கக் காத்திருக்கும் பழைய பொருள் ஏதாவது இருக்கலாம்: ஸ்கூட்டரோ, தையல் இயந்திரமோ, கறவை மாடோ. அதன் குறை உங்களுக்குத் தெரியும். இவ்வாரம் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவையுங்கள். வாங்க வருபவர் விலை கேட்பதற்கு முன்பே அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுங்கள்.